அறுபத்தொன்றாவது மொட்டை

வடக்குச் சாத்தாங்கரை மிஷன் துவக்கப் பள்ளியில் அறுபத்தொரு பிள்ளைகள் படித்தார்கள். அறுபது இல்லை, அறுபத்தொன்று. அந்த ஒன்றுக்காகத் தலைமையாசிரியர் அருமைநாயகம் ஜூன் மாதம் முழுக்கத் தெருத்தெருவாக அலைந்த அலைச்சல் ஆண்டவருக்கும் அவருடைய செருப்புக்கும்தான் தெரியும். அறுபது பிள்ளை வரைக்கும் இரண்டு வாத்தியார். அறுபத்தொன்று ஆகிவிட்டால் மூன்று வாத்தியார். அரசாங்கத்துக் கணக்கு அப்படி. ஆகஸ்டு ஒன்றாம் தேதி எத்தனை தலை இருக்கிறதோ அதை வைத்துத்தான் அந்த வருஷத்துக்கு எத்தனை வாத்தியார் என்று முடிவு செய்வார்கள். மிஞ்சுகிறவரை ‘உபரி’ என்று எழுதி, எந்த மூலையில் பள்ளிக்கூடம் ஆளில்லாமல் கிடக்கிறதோ அங்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள். மனுஷரைப் போய் உபரி என்று சொல்லலாமா? சொல்லுகிறார்கள். சொல்லி, கீழே கையெழுத்தும் போடுகிறார்கள்.

ஒரு தலை குறைந்தாலும் அப்படி உபரியாகப் போகிறவர் சித்ரலேகா டீச்சர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தவர். அவர் வருவதற்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ‘பம்பரம்’ என்று எழுத்துக்கூட்ட ஆரம்பித்தால் ‘ரம்’முக்கு வருவதற்குள் சோற்று மணி அடித்துவிடும். இப்போது ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப்பெயரை எல்லாம் படித்து அப்பன் ஆத்தாளைத் திகைக்க வைக்கின்றன. அந்த டீச்சர் போனால் பள்ளிக்கூடத்துக்குப் பாதி உயிர் போய்விடும் என்று அருமைநாயகம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். மீதி உயிர் யாருக்குப் போகும் என்பதை மட்டும் சொல்லமாட்டார். அவருக்குத்தான் போகும். தினமும் காலையில் வருகைப்பதிவைப் போனில் ஏற்ற வேண்டும். மத்தியானம் சாப்பாட்டுக் கணக்கை ஏற்ற வேண்டும். சாயங்காலம், காலையில் ஏற்றினது ஏறவில்லை என்று வரும், அதைத் திரும்ப ஏற்ற வேண்டும். இத்தனையும் செய்வது டீச்சர்தான். அருமைநாயகம் போனை நண்டைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் பிடிக்கிற மனிதர்.

இப்படிப்பட்டவர் ஜூலை நடுவில் ஒரு காரியம் செய்தார். வட்டாரக் கல்வி அலுவலர் சிவசண்முகம் போன் பண்ணியிருந்தார். போன வருஷம் வேறெங்கேயோ இல்லாத பிள்ளைகளை இருப்பதாக எழுதி அகப்பட்டுக்கொண்ட கதை ஒன்று நடந்துவிட்டதால், இந்த வருஷம் ஏட்டை நம்பப் போவதில்லை, நேரில் வந்து ஒவ்வொரு தலையாக எண்ணப் போகிறேன் என்றார்.

“இருவத்தஞ்சாம் தேதி வரட்டுமா, ஆகஸ்டு ஒண்ணுக்கு வரட்டுமா? நீரே சொல்லும் ஓய்.”

அருமைநாயகம் சுவரைப் பார்த்தார். சுவரில் சபைக் காலண்டர் தொங்கியது. ஆகஸ்டு ஒன்றுக்கு நேராக ஒரு வேத வசனம் இருந்தது, அவ்வளவுதான். பண்டிகை இல்லை, அசன விருந்து இல்லை, கன்வென்ஷன் கூட்டம் இல்லை. “ஒண்ணாந்தேதியே வாங்க சார்” என்றார். “ஒரு பிள்ளை குறைஞ்சாலும் என்னைக் கேளுங்க.”

சபைக் காலண்டரில் ஆடி அமாவாசை போடமாட்டார்கள். எதற்குப் போடப் போகிறார்கள்? ஆனால் அறுபத்தொரு பிள்ளைகளில் எட்டுதான் சபைப் பிள்ளைகள். மற்ற ஐம்பத்து மூன்றும், ஆடி அமாவாசை வந்துவிட்டால் குடும்பத்தோடு சட்டி பானை, அரிசி மூட்டை, கோழி, ஆடு சகிதம் காரையாற்றுக் காட்டுக்குப் போய், சொரிமுத்தையனார் கோயில் ஆற்றங்கரையில் குடில் போட்டு மூன்று நாள் கிடக்கிற பிள்ளைகள். முப்பது வருஷமாக அந்த ஊரில் வேலை பார்க்கிறவருக்கு இது தெரியாதா என்றால், தெரியும். வருஷா வருஷம் அந்த நாட்களில் ‘என்ன இது, பள்ளிக்கூடம் காத்தாடுதே’ என்று வியப்பார், அடுத்த வாரம் மறந்துவிடுவார். சித்ரலேகாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தப்பித்திருப்பார். அதிகாரி வருகிறார் என்றால் பாவம் அந்தப் பிள்ளைக்குக் கவலையில் தூக்கம் வராது என்று நினைத்து, விஷயத்தைத் தன் மனதுக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டார். நல்ல மனசுதான். நல்ல மனசை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஒன்றாம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு சிவசண்முகம் நெற்றி நிறையத் திருநீறும் கையில் ஹெல்மெட்டுமாக வந்து இறங்கினார். முற்றத்தில் எட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தன. எட்டும் எட்டுப் பக்கம் இழுத்தன. பாட்டு முடிகிறவரை அசையாமல் நின்ற அதிகாரி, முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“மிச்சத்த எங்கன ஒளிச்சு வச்சிருக்கீரு ஓய்?”

அருமைநாயகம் சித்ரலேகாவைப் பார்த்தார். சித்ரலேகா அவரைப் பார்த்தார். “சார், ஆடி அமாவாசைல்லா?” என்றார் அவர் பைய. “எல்லாரும் நேத்தே சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போயிட்டாவளே. ஐயா இன்னைக்கு வாராவன்னு நீங்க சொல்லவே இல்லையே.”

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டோமே என்று அருமைநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அதிகாரி பேனாவைத் திறந்து, தாளில் எட்டு என்று போடப் போனார். எட்டுப் பிள்ளைக்கு ஒரு வாத்தியாரே சாஸ்தி. சித்ரலேகாவின் முகம் வெளுத்துப்போனது. அதைப் பார்த்ததும் அருமைநாயகத்தின் வாய், அவரைக் கேட்காமல் தானாகவே பேசியது.

“சார், பிள்ளைய இல்லாம போகல. இங்கன இல்ல, அங்கன இருக்கு. நீங்க தலையத்தானே பாக்கணும்? தலை எங்க இருந்தா என்ன?”

வேறு அதிகாரியாக இருந்தால் சிரித்திருப்பார், இல்லாவிட்டால் திட்டியிருப்பார். சிவசண்முகம் சுற்றறிக்கையை எடுத்தார். அவர் எழுத்தை நம்பி வாழ்கிற மனிதர். சுற்றறிக்கையில் மழை பெய்கிறது என்று இருந்தால் வெயிலில் குடை பிடிப்பார். மூன்று முறை படித்தார். “‘மாணவர்களை நேரில் காண வேண்டும்’னு போட்டிருக்கு” என்றார். “‘பள்ளி வளாகத்தில்’னு போடல. அது தப்புதான். ஆனா போடல.” பேனாவை மூடினார். “இன்னைக்குத் தேதிக்குள்ள மிச்சம் அம்பத்து மூணையும் காட்டும். ஒண்ணு குறைஞ்சாலும் உள்ளதத்தான் எழுதுவேன். பெறகு எம்மேல வருத்தப்படப்பிடாது.”

எட்டுப் பிள்ளைகளையும் உதவி ஆசிரியர் எலியேசரிடம் ஒப்படைத்துவிட்டு, மூன்று பேரும் கிளம்பினார்கள். அருமைநாயகம் கக்கத்தில் வருகைப் பதிவேடும் சேர்க்கைப் பதிவேடும், கையில் குடை, பாபநாசத்தில் வாங்கின நூறு கடலை மிட்டாய். பிள்ளைகளைப் பிடிக்க இரை வேண்டுமே!

கோயில் பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. சிவசண்முகத்துக்கு எப்படியோ ஓர் இருக்கை கிடைத்தது. இருக்கையோடு சேர்த்து, பக்கத்தில் நின்ற அம்மாளின் சேவலும் மடியில் கிடைத்தது. “செத்த பிடிச்சுக்கிடுங்க சார்வாள், ஒண்ணும் செய்யாது” என்றாள் அந்த அம்மாள். முட்டைகூடத் தொடாத சைவர் அவர். நாளைக்குக் குழம்பாகப் போகிற சேவலை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே பிடிப்பது என்று தெரியாமல், அரசாங்கக் கோப்பைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அது அவர் திருநீற்றையே பார்த்துக்கொண்டு வந்தது.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பிளாஸ்டிக் உள்ளே போகக் கூடாது. நூறு கடலை மிட்டாயும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்தன. “தாளைப் பிரிச்சுப் போட்டுட்டுக் கொண்டு போங்க” என்றார் காவலர். வரிசை பின்னால் நீண்டது, ஆடுகள் கத்தின, மூன்று கல்விமான்களும் சாலையோரம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து நூறு மிட்டாயை உரித்தார்கள். உரித்ததை எதில் போட? அருமைநாயகம் குடையைக் கவிழ்த்துப் பிடித்தார். பஸ் ஏறி அரை மைல் போவதற்குள் சாரல் பிடித்தது. ஜன்னல் வழியாக மழை அவர் வழுக்கையில் அடித்தது. குடையோ மடியில் மிட்டாய்க் கூடையாக இருந்தது.

ஆற்றங்கரையில் இறங்கினால் கண்ணுக்கெட்டிய மட்டும் குடில்கள், அடுப்புப் புகை, கறி வாசம். சிவசண்முகம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். முதலில் கண்ணில் பட்டவன் நாலாம் வகுப்பு மாடசாமி. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். அருமைநாயகத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“ஏலே மாடசாமி! இங்க வால!”

பயல் திரும்பிப் பார்த்தான். கையில் பதிவேட்டோடு தலைமையாசிரியர், பக்கத்தில் டீச்சர், அதற்குப் பக்கத்தில் திருநீறு பூசிய யாரோ பெரிய ஆபீசர். அவன் போட்ட கூச்சல் மறுகரைக்குக் கேட்டது. “ஏலே, எச்செம் சார் வாராருலே! காட்டுக்குள்ளயும் வந்துட்டாருலே! ஓடுங்கலே!” சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் முங்கிவிட்டான். கரையெங்கும் பிள்ளைகள் தெறித்து ஓடின. ஒன்று பாறைக்குப் பின்னால், ஒன்று ஆட்டுக்குப் பின்னால். பாவம், அதுகளைச் சொல்லிக் குற்றமில்லை. லீவு போட்டுவிட்டுச் சாமி கும்பிட வந்த இடத்துக்கு வாத்தியார் வந்து நின்றால் யார்தான் ஓடமாட்டார்கள்?

அரை மணி நேரம் துரத்தியதில் சிக்கியது ஒருவனும் இல்லை. அருமைநாயகம் மூச்சு வாங்க, ஒலிபெருக்கி வைத்திருந்த போலீஸ் பந்தலுக்குள் நுழைந்தார். பிள்ளைகளைக் காணோம், மைக்கில் கூப்பிட வேண்டும் என்றார்.

“எத்தனை பிள்ளை அண்ணாச்சி?” என்று கேட்டார் காவலர், டீயை உறிஞ்சிக்கொண்டே.

“அம்பத்து மூணு.”

காவலர் எழுந்து நின்றுவிட்டார். அருமைநாயகம் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் காடு முழுக்க அறிவிப்புப் போய்விட்டது: வடக்குச் சாத்தாங்கரையைச் சேர்ந்த ஐம்பத்து மூன்று குழந்தைகளைக் காணவில்லை! தாய்மார்கள் கரண்டியோடு எழுந்து ஓடி வந்தார்கள். ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் பிள்ளை அவள் இடுப்பிலேயே இருந்தது. அருமைநாயகம் மைக்கைப் பறித்து, “யாரும் பயப்படாதீய! சும்மா எண்ணத்தான் கூப்பிடுதோம்! வாற பிள்ளைக்கு ஆளுக்கொரு கடலை மிட்டாய்!” என்று கத்தினார்.

இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

வந்தார்கள். கல்லிடைக்குறிச்சிப் பிள்ளை, கடையம் பிள்ளை, தூத்துக்குடியிலிருந்து மாமன் வீட்டோடு வந்த பிள்ளை, பால்குடி மறக்காத பிள்ளை, மீசை முளைத்த பிள்ளை எல்லாம் வந்து நின்றன. மிட்டாய் தீர்ந்தபோது எதிரில் நூற்று இருபதுக்குக் குறையாமல் இருந்தன. அதுவாவது போகட்டும். நேர்ச்சைக்கு முடியிறக்குகிற இடம் அது. பெரும்பாலான தலைகள் மொட்டை, மொட்டையெல்லாம் சந்தனம். ஆண் எது பெண் எது என்று தெரியவில்லை. வெயிலில் வடகம் காயப்போட்ட மாதிரி மஞ்சள் மஞ்சளாக வரிசை வரிசையாக நின்று, மிட்டாய் மென்றுகொண்டிருந்தன.

சிவசண்முகம் போனைத் திறந்தார். பிள்ளைகளின் படங்கள் அதில் இருக்க வேண்டும். காட்டுக்குள் சிக்னல் ஏது? ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. “சரி, நீரே காட்டும் ஓய்” என்றார்.

அருமைநாயகம் தைரியமாக முன்னால் போய் முதல் மொட்டையின் தோளில் கை வைத்தார். “இவன் மூணாங்கிளாஸ் செல்வகுமார்.”

“நான் முத்துலெட்சுமி சார்” என்றது பிள்ளை.

அடுத்ததை ‘மாடசாமி’ என்றார். அது கடையம் பிள்ளை. மூன்றாவதை உற்று உற்றுப் பார்த்து, ‘நம்ம பிள்ளை இல்லை’ என்று தள்ளினார். அது அவர் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பிள்ளை, தினமும் அவருக்குப் பால் கொண்டுவந்து கொடுப்பது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. முப்பது வருஷ சர்வீஸும் அந்த ஆற்றோடு போய்விட்ட மாதிரி அவருக்குக் கூசிப்போனது.

“உமக்கே தெரியலைன்னா நான் என்னத்தவே எழுத?” என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை, அலுப்பாகச் சொன்னார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அதுவரை ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்த சித்ரலேகா நிமிர்ந்தார். “நான் சொல்லுதேன் சார்.”

“நீங்க கைகாட்டினா நான் எப்படிம்மா நம்ப? உங்க வேலைல்லா இதுல இருக்கு?”

“நான் கைகாட்டல சார். முதுகைக் காட்டிட்டு நிக்கேன். பிள்ளைய தங்க பேரச் சொல்ல வேண்டாம். ஒவ்வொண்ணா எம்பின்னால வந்து ‘உள்ளேன் டீச்சர்’னு மட்டும் சொல்லட்டும். யாருன்னு நான் சொல்லுதேன். சரியான்னு நீங்களே பிள்ளைட்ட கேட்டுக்கிடுங்க.”

சிவசண்முகம் சுற்றறிக்கையை மனதுக்குள் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். இதற்குத் தடை ஒன்றும் அகப்படவில்லை போல. தலையசைத்தார். சித்ரலேகா ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

“உள்ளேன் டீச்சர்.”

“மகாராஜன். ஏலே, வாயில மிட்டாய் வச்சுக்கிட்டுப் பேசாதன்னு சொல்லிருக்கேன்லா?”

“உள்ளேன் டீச்சர்.”

“முத்துலெட்சுமி. இன்னுமா சளி விடல உனக்கு?”

“உள்ளேன் டீச்சர்!”

“நாலாம் வகுப்பு மாடசாமி. தண்ணிக்குள்ள இவ்வளவு நேரம் கெடந்தா காதடைக்காம என்ன செய்யும்? அதான் கத்துத.”

சிவசண்முகம் லேசுப்பட்டவர் இல்லை. நடுநடுவே கடையம் பிள்ளையையும் தூத்துக்குடிப் பிள்ளையையும் தள்ளிவிட்டார். “இது யாரோ, நம்ம பிள்ளை இல்ல சார்” என்று திரும்பாமலே பதில் வந்தது. இரட்டைப் பிள்ளைகளில் தம்பியை இரண்டு தடவை அனுப்பினார். “தம்பிதான் இதுவும். அண்ணன எங்கல?” என்றார் டீச்சர். கரையில் கூட்டம் கூடிவிட்டது. அடுப்பில் கறி தீய்வதுகூடத் தெரியாமல் பெண்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டினார்கள். அருமைநாயகம் பதிவேட்டில் டிக் அடித்துக்கொண்டே போனார். இந்தப் பிள்ளையைப் போய் உபரி என்று சொல்லுவார்களாமே, இவர்கள் நாசமாய்ப் போக என்று நினைத்து, சபையில் மூப்பராக இருக்கிறோமே என்பது நினைவு வந்து, ஆண்டவரே மன்னியும் என்றும் சேர்த்து நினைத்தார்.

ஐம்பத்திரண்டு டிக் ஆயிற்று. மணி நாலரை. கடைசி பஸ் ஐந்துக்கு. மிச்சம் ஒரே ஒரு பெயர்: ஒன்றாம் வகுப்பு இசக்கியப்பன்.

“இசக்கியப்பா! ஏ இசக்கியப்பா!” மைக்கில் கூப்பிட்டாயிற்று. பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனுடைய சித்தி பகவதி வந்தாள். கையில் ஒரு மொட்டைப் பிள்ளை. இடுப்பில் நிற்காத நிக்கரை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தது. “இந்தா இருக்கான் சார்வாள், தூங்கிட்டிருந்தான்” என்றாள். சொல்லும்போது அருமைநாயகத்தைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

அருமைநாயகம் பிள்ளையை உற்றுப் பார்த்தார். இது இசக்கியப்பனா? இசக்கியப்பன் இதைவிடக் கறுப்பா, சிவப்பா? காது இவ்வளவு பெரிதா? சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் பிள்ளைகளின் முகம் தனக்குத் தெரியாமல் போனதற்காக ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னார். தெரியாதவன் பொய் சொன்னவன் ஆகமாட்டானே! பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

பிள்ளை டீச்சரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது.

“உ” என்றது. அப்புறம் ஒன்றுமில்லை. “உ... உ... உள்...” கழுத்து நரம்பு புடைத்தது. கால் தரையை உதைத்தது. கூட்டத்தில் யாரோ ஒரு பயல் களுக்கென்று சிரித்தான்.

கண்ணை மூடியிருந்தாலும் அருமைநாயகத்துக்குத் தெரிந்துவிட்டது. இசக்கியப்பன் திக்குவாயன் இல்லை; ஓயாத வாயன். டீச்சர், உண்மையைச் சொல்லிவிடாதீங்க, ‘இசக்கியப்பன்’ என்று ஒரு சொல் சொல்லிவிடுங்க, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், நரகத்துக்கு வேண்டுமானாலும் நானே போகிறேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

சித்ரலேகா அவசரப்படவில்லை. சிரித்த பயலை “ஷ்” என்று அடக்கினார். அந்தப் பிள்ளை “உள்ளேன் டீச்சர்” என்று முழுக்கச் சொல்லி முடிக்கிறவரை, ஆற்றைப் பார்த்தபடியே காத்திருந்தார். பிறகு சொன்னார்.

“நல்லாச் சொன்ன. ஆனா இது இசக்கியப்பன் இல்ல சார். நம்ம பிள்ளை இல்ல.”

போச்சு. எல்லாம் போச்சு. அருமைநாயகம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். தன் வேலையைத் தானே ஆற்றில் வீசுகிற மனுஷியை அவர் இப்போதுதான் பார்க்கிறார். சிவசண்முகமும் எழுதாமல் சித்ரலேகாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகவதி அழுதுவிட்டாள். “இசக்கியப்பன அவன் அப்பன் போன வாரமே திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான் சார்வாள். இனி அங்கனதான் படிப்பானாம். ஒரு தலை குறைஞ்சா டீச்சர வேற ஊருக்குத் தூக்கிருவாவன்னு ஆத்தங்கரை பூரா பேச்சு. எனக்கு மனசு கேக்கல. அதான் எம்பிள்ளையக் கொண்டாந்து நிறுத்தினேன். இது ஆம்பளப் பிள்ளைகூட இல்ல.”

“உங்க பிள்ளையா?” சித்ரலேகா இப்போது திரும்பினார். “எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகுது?”

“எங்கயும் போகல டீச்சர். ஆறு வயசாச்சு. பேச்சு இப்படித் திக்குதுல்லா? மத்தப் பிள்ளைய சிரிக்கும், வாத்தியாரு பேரக் கேட்டா சொல்லத் தெரியாம முழிக்கும்னு பயந்து வீட்டுலயே வச்சிருக்கேன்.”

மணலில் கிடந்த அருமைநாயகம் எழுந்தார். எழுந்தது என்று சொல்லக் கூடாது; துள்ளினார். “எங்கயும் சேக்கலயா? ஒரு பள்ளிக்கூடத்துலயும் சேக்கலயா?” என்று கேட்ட கேள்வியில் அத்தனை சந்தோஷம். ஒரு தாய் அழும்போது இப்படிப் பல்லைக் காட்டலாமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பதிவேட்டைப் படபடவென்று புரட்டினார். “சார், இன்னைக்குத் தேதி முடியலைல்லா? சேர்க்கைப் பதிவேடு எங்கையிலதான் இருக்கு!”

சிவசண்முகம் வானத்தைப் பார்த்தார், சுற்றறிக்கையைப் பார்த்தார். “ஆகஸ்டு ஒண்ணு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் ஆகஸ்டு ஒண்ணுதான்” என்றார். “திருப்பூர்ப் பையன் பேர அடிச்சிரும். இத எழுதும். பிறந்த சர்டிபிகேட்ட ஒரு வாரத்துக்குள்ள தரணும். தாயாருக்குச் சம்மதமான்னு கேட்டுக்கிடும்.”

பகவதி டீச்சரைத்தான் பார்த்தாள். “சிரிப்பாவளா டீச்சர்?”

“சிரிப்பாவ. ரெண்டு நாள் சிரிப்பாவ. பெறகு நான் இருக்கேன்லா?” என்றார் சித்ரலேகா.

பாறைமேல் பதிவேட்டை விரித்து அருமைநாயகம் உட்கார்ந்தார். அப்போதுதான் பஸ் ஹாரன் அடித்தது. கடைசி பஸ், இன்னும் ரெண்டு நிமிஷம் என்று நடத்துநர் கத்தினார். “பேரு?” என்றார் அருமைநாயகம். பகவதி வாயைத் திறந்தாள். சித்ரலேகா அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

“நீ சொல்லுட்டி. ஒண்ணும் அவசரமில்ல.”

“ஆ...” என்றது பிள்ளை. நிக்கரைப் பிடித்திருந்த கை இறுகியது. “ஆ... ஆவு...” பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது. கரையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. முன்னே சிரித்த பயல்கூட வாயைப் பொத்திக்கொண்டு, அந்தப் பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அருமைநாயகத்துக்குப் பெயர் என்னவென்று புரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் வேறு என்ன பெயர் இருக்க முடியும்? ஆனாலும் பேனாவைக் காகிதத்தில் வைக்காமல் அந்தரத்தில் பிடித்திருந்தார். பஸ் உறுமிக்கொண்டு புறப்பட்டது. பாபநாசம் போகிற வழி முழுக்க இனி ஒரு வண்டி கிடையாது. சிவசண்முகம் திரும்பிப் பார்த்தார், பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பிள்ளைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

“பஸ்ஸு போனா போகட்டும்” என்றார். “நீ பையச் சொல்லு தாயி.”